எடைக்குப் போக இருந்த ரம்பம்

நெல்லு, தென்னை, மாடுன்னு எழுதிக்கிட்டிருந்த எடத்துல இந்தத் தடவை ஒரு இரும்பு மெஷினைப் பத்தி எழுதறேன். நாலு மாசமா நான் இங்க பதிவு போடாததுக்குக் காரணமும் அதுதான்.

எங்க களத்து ஓரம் கொட்டகையில துருப்பிடிச்சுக் கிடந்த அந்த இரும்பைப் பார்த்துட்டு, "என்னப்பா, காயலான் கடை வைக்கப் போறியா?"ன்னு கேட்காத ஆள் ஊர்ல பாக்கி இல்ல. அது ஒரு பேண்ட்சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி ஓடுற ஒரு நீளமான ரம்பப் பட்டை, நடுவுல மரத்தை வைக்க ஒரு இரும்பு மேசை. மரப்பட்டறைகள்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. என்னோடது 24 அங்குலச் சக்கரம். மூடிப்போன ஒரு பட்டறையில இருந்து செகண்ட் ஹேண்டா எடுத்தது. பெயிண்டைச் சுரண்டினப்போ உடம்புல வார்த்திருந்த எழுத்துல 'பட்டாலா'ன்னு தெரிஞ்சுது. பஞ்சாப்ல வார்ப்பட வேலைக்கும் மெஷின் செய்யறதுக்கும் பேர் போன ஊரு. அங்க வார்த்த இரும்பு பேராவூரணிப் பக்கம் வந்து ஒரு தலைமுறை மரம் அறுத்திருக்கு.

இதை ஏன் வாங்கினேன்னு முதல்ல சொல்லிடறேன். 2018 நவம்பர் 16 ராத்திரி கஜா அடிச்சது எங்க பக்கத்து ஆளுங்க யாருக்கும் மறக்காது. தென்னையோட கதை எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக்குப் பின்னாடி தாத்தா வச்ச பலா ஒண்ணும் அன்னைக்கு வேரோட சாஞ்சுது. பலா மரம் நிலைக்கும் கதவுக்கும் ஆகும், வீணை செய்யக்கூட ஆகும். ஆனா மில்லுல எல்லாம் மரம் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, வண்டி கிடைக்கல, கிடைச்ச வண்டிக்கு வாடகை குடுக்க முடியல. கடைசியில விறகு விலைக்குத்தான் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்குக் கதவு போட்டப்போ கடையில பிளைவுட் கதவு வாங்கினேன். அதோட அடிப்பக்கம் இப்போ ஊறி உரிஞ்சு நிக்குது. அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பலா ஞாபகம்தான்.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். ஊருக்கு ஊர் மூடிக்கிடக்குற பட்டறையில இருந்து இந்த மெஷினுங்க எடைக்குப் போய்க்கிட்டிருக்கு. அதை நாம தடுக்கணும். நல்லதா இருக்கறதை எடுத்து ஓட வைக்கணும். ஆனா பழசுன்னாலே பொக்கிஷம்னு கும்பிடவும் கூடாது. இந்த ரெண்டாவது பாடத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தவர் ஒரு பெரியவர். அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

முதல்ல மெஷின் கதை. பட்டறைக்காரர் இரும்பு விலை போட்டு வச்சிருந்தார். எடைக்காரர் சொன்னதுக்கு மேல ஆறாயிரம் சேர்த்து 24,000 ரூபாய்க்கு எடுத்தேன். வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதுல பாதி காதால பார்க்கறதுதான். வார்ப்பிரும்பைச் சின்னச் சுத்தியலால லேசா தட்டினா மணி மாதிரி கணீர்னு வரணும். டொக்குன்னு செத்த சத்தம் வந்தா எங்கேயோ விரிசல் இருக்குன்னு அர்த்தம். அதைத் தொடவே தொடாதீங்க. வேகமா சுத்துற சக்கரத்துல விரிசல் இருந்தா ஆளையே கொன்னுடும். அப்புறம் பட்டையைக் கழட்டிட்டுச் சக்கரத்தைக் கையால சுத்தி விடணும். ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல வந்து நின்னா எடை சமமா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். மேல் பெயிண்டையும் துருவையும் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். என்னோடதுல துரு தோலோட நின்னுடுச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி ரெண்டு நாள் ஊறப் போட்டு, கம்பி பிரஷ், எமரி பேப்பர்னு தேய்ச்சா உள்ள இரும்பு அப்படியே இருக்கு.

பிரிச்சு மேஞ்சப்போதான் ஆச்சரியம். மேல் சக்கரத்து பேரிங் அரைபட்டுப் போயிருந்துச்சு. துடைச்சுப் பார்த்தா 6208ன்னு நம்பர். உள்ள 40 மில்லிமீட்டர், வெளிய 80, அகலம் 18. தஞ்சாவூர்ல கடையில நம்பரைச் சொன்னேன், எந்த மெஷினுக்குன்னு கூடக் கேட்காம எடுத்துக் குடுத்தாங்க. தேஞ்சுபோன திருகை லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கினேன். சக்கரத்து மேல ஒட்டியிருக்கற ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்துச்சு, புதுசா ஒட்டி நடுவுல லேசா மேடு வர்ற மாதிரி தேய்ச்சோம். அந்த மேடுதான் ரம்பப் பட்டையைச் சக்கரத்தை விட்டு நழுவாம பிடிச்சு வைக்குது. பழைய ரைஸ் மில்லுல பெல்ட் ஓடுற சக்கரத்துலயும் இதே மேடு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா?

இதே சமயத்துல வீட்டுல ஒரு கை ரம்ப மெஷின் கிடக்குது. மூணு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல வாங்கினது. சுவிட்ச் எரிஞ்சு போச்சு. அந்த சுவிட்ச் மட்டும் தனியா வராதாம், புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. ஒரு தலைமுறை ஓடின மெஷினுக்குச் சாமான் கிடைக்குது, மூணு வருஷ மெஷினுக்குக் கிடைக்கல. காரணம் ரொம்ப சாதாரணம். பழசைச் செஞ்சவன், எந்த ஊர் பட்டறைக்காரனும் பிரிச்சுப் பார்த்தா புரியணும்னு செஞ்சிருக்கான். போல்ட்டைக் கழட்டினா கழலுது, நம்பரைப் படிச்சா சாமான் வருது. விவசாயிக்கு மெஷின் வாங்கறதுல இதைவிடப் பெரிய கணக்கு எதுவும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். டிராக்டருக்கும் இது பொருந்தும், பம்புசெட்டுக்கும் பொருந்தும்.

இப்போ பெரியவர் கதை. மெஷினை மாட்டிட்டேன், ஆனா பட்டை ஓட மாட்டேங்குது. முன்னாடி நழுவும், இல்லேன்னா பின்னாடி உரசும். ரெண்டு பட்டை அறுந்து போச்சு. அப்புறம்தான் அந்தப் பட்டறையில இதே மெஷினை ஓட்டின ஆசாரி பக்கத்து ஊர்ல இருக்கார்னு தெரிஞ்சு போய்க் கூட்டிட்டு வந்தேன். வந்தவர் மெஷினைத் தொடவே இல்ல. ஒரு நூல் கேட்டார். மேல் சக்கரத்து விளிம்புல இருந்து கீழ் சக்கரத்து விளிம்பு வரைக்கும் நூலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "மேல் சக்கரம் வெளிய நிக்குது தம்பி, ஒரு வாஷர் கனம்"னார். வாஷரை மாத்தினதும் பட்டை ரப்பர் நடுவுல வந்து ஒட்டிக்கிச்சு. நான் பதினைஞ்சு நாளா முட்டிக்கிட்டது பத்து நிமிஷ வேலை.

அவர் நூலைப் பிடிச்ச கையைப் பார்த்தேன். இடது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்துச்சு. "இதுலயா அண்ணே?"ன்னு கேட்டேன். "இதுலதான்"னார்.

சுவிட்சை நிறுத்தின பிறகும் இந்தச் சக்கரம் உடனே நிக்காது, எடை அப்படி. பக்கத்துல இன்னொரு மெஷின் ஓடுற சத்தத்துல இது நின்னுடுச்சுன்னு நினைச்சு மரத்தூளைத் தள்ளிவிடக் கையை நீட்டியிருக்கார். 1,440 சுத்து மோட்டார், 5 அங்குல புல்லியில இருந்து 10 அங்குல புல்லிக்குப் போனா சக்கரம் 720 சுத்து. சக்கரத்தோட சுற்றளவு ஆறேகால் அடி. அப்படின்னா பல்லு நிமிஷத்துக்கு 4,500 அடி ஓடுது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல. பாதி வேகத்துக்கு இறங்கி இருந்தாலும் விரலுக்கு அது போதும்.

நான் அதுவரைக்கும் மெஷினைப் பழைய மாதிரியே வச்சிருக்கணும்னு ஆசைப்பட்டேன். திறந்த சக்கரம், பச்சை பெயிண்ட், பார்க்கவே கம்பீரமா இருக்கும். அவர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். "சக்கரத்த மூடாம கரண்ட் குடுத்தீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன் தம்பி. இது முன்னாடி மூடாமத்தான் இருந்துச்சு. அதான் என் கை இப்படி இருக்கு."

வெல்டிங் பட்டறையில தகடு வெட்டி மேலயும் கீழயும் மூடி போட்டேன். அறுக்கற எடத்தைத் தவிர பட்டை எங்கேயும் வெளிய தெரியாது. நிறுத்தினதும் பிடிக்கற மாதிரி காலால மிதிக்கிற ஒரு பிரேக் வச்சோம். பட்டை மாத்தும்போது ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி என் சட்டைப் பையில போட்டுக்கறதுன்னு ஒரு விதி. கையுறை கூடாது, தோள்ல துண்டு கூடாது, கடைசி ஒரு சாண் மரத்தைக் கையால தள்ளக் கூடாது, குச்சியாலதான் தள்ளணும். பார்க்க இப்போ அழகா இல்லதான். பழசை மீட்கறதுன்னா அதோட நல்லதை மட்டும் எடுத்துக்கிட்டு, அது வாங்கின பலியை அங்கேயே நிறுத்தணும்.

இன்னும் ரெண்டு விஷயம் மறைக்காம சொல்லணும். விவசாயத்துக்குக் குடுக்கற இலவச கரண்ட்ல இதை ஓட்டக் கூடாது. தனி இணைப்பு வாங்கித்தான் ஓட்டறேன். வனத்துறை உரிமமும் விளையாட்டு இல்ல. 1996-ல கோதவர்மன் திருமுல்பாடு வழக்குல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதுல இருந்து மரம் அறுக்கற மில்லுக்கு நாடு முழுக்கக் கெடுபிடி. எந்த ரம்பம், என்ன அளவு, சொந்த உபயோகமா கூலிக்கான்னு பொறுத்து விதி மாறும். மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே போய்க் கேளுங்க, வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல வாங்குங்க. நான் அப்படி வாங்கின பிறகுதான் மோட்டாரை மாட்டினேன்.

"அறுத்த பலகையே கடையில கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு மச்சான் கேட்டார். கேள்வி நியாயம்தான். பேரிங், ரப்பர், மோட்டார் வைண்டிங், லேத் கூலி, தகடு, பட்டை எல்லாம் சேர்த்து இன்னொரு 31,000 ஆச்சு. ஒரு வீட்டுக்குக் கதவு செய்ய மட்டும்னா இது நஷ்டக் கணக்கு. இது ஒரு அடி கனத்துக்கு மேல தாங்காது. தென்னையை இதுல விடவே கூடாது, வெளிப்பக்கத்துக் கெட்டி பல்லை மழுக்கிடும். ஆனா வருஷா வருஷம் காத்துல சாயற வேம்பு, பூவரசு, முருங்கிப்போன மா, பட்டுப்போன வாகை இதெல்லாம் எங்க ஊர்ல விறகாத்தான் போகுது. ஒரு டன் விறகு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அதையே பலகையாவும் சட்டமாவும் அறுத்து நிழல்ல அடுக்கிக் காய வச்சா மாட்டுக் கொட்டகைக்கும், கோழிக் கூண்டுக்கும், பெஞ்சுக்கும் ஆகும். அடுத்த புயல் வராதுன்னு நம்மள்ல யார் சொல்ல முடியும்?

போன வாரம் முதல் மரம் அறுத்தோம். கிணத்தடியில சாஞ்ச பூவரசு. பெரியவர்தான் தள்ளினார், நான் அந்தப் பக்கம் வாங்கினேன். நாலு பலகை தேறுச்சு, உள்ள காப்பிக் கலர்ல வைரம். அவர் பலகையைத் தடவிப் பார்த்துட்டு, பட்டையைத் தளர்த்தி விடச் சொன்னார். வேலை முடிஞ்சா இழுப்பைத் தளர்த்தணும், இல்லேன்னா பட்டையும் ரப்பரும் சீக்கிரம் போயிடும். இது எந்தப் புத்தகத்தையும் பார்த்து நான் தெரிஞ்சுக்கிட்டது இல்ல.

இப்போ வாரத்துக்கு ஒரு நாள் வர்றார். கூலி குடுத்துத்தான் கூப்பிடறேன். பல்லுக்கு அரம் போடறதையும், இடம் வலம் மடிக்கிறதையும் என் பையனுக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் சொல்லிக் குடுக்கறார். அவருக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு.

உங்க ஊர்லயும் மூடிக்கிடக்கற பட்டறை ஏதாவது இருந்தா, மெஷினுக்கு விலை பேசறதுக்கு முன்னாடி அதை ஓட்டின ஆள் எங்க இருக்கார்னு விசாரிச்சுப் பாருங்க. இரும்பு இன்னும் பத்து வருஷம் துருப்பிடிச்சுக் கெடந்தாலும் தேய்ச்சு எடுத்துக்கலாம்.