தனியாளுக்கு வீடு இல்லையாம்!

அடுக்குமாடி வீட்டுச் சங்கக்காரர்கள் என்கின்ற புது மடாதிபதிகள் பல இடங்களில் ஒரு மனுதர்மம் எழுதி வைத்திருக்கின்றார்கள். கலியாணமாகாத ஆணுக்கோ, தனித்து வாழும் பெண்ணுக்கோ வீடு வாடகைக்கு விடக்கூடாதாம். விட்டால் வீட்டுக்காரர் அபராதம் கட்ட வேண்டுமாம். ஏன் என்றால், “குடும்பங்கள் இருக்கின்ற இடம், ஒழுக்கம் கெட்டுவிடும்” என்கின்றார்கள்.

இவர்கள் ஒழுக்கத்தின் யோக்கியதையைத் திருவொற்றியூரிலேயே பார்ப்போமே! திருவாரூரில் பரவையைக் கட்டிக்கொண்ட சுந்தரர் இங்கே வந்து சங்கிலியையும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். தரகு வேலை பார்த்தவர் யார்? சாக்ஷாத் சிவபெருமான்! மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று என்று புராணமே சொல்லுகிறது. இந்தக் கலியாணத்துக்கு மாசியில் திருவிழா வேறு! பெண்டாட்டியையும் வீட்டையும் விட்டுக் கோவணத்தோடு வந்த பட்டினத்தாருக்கு அதே ஊர்க் கடற்கரையில் சமாதி, பூசை. செத்த தனியாளுக்குக் கற்பூரம், உயிரோடு வருகின்ற தனியாளுக்குக் கதவடைப்பு! இது என்ன நியாயம்?

இராயபுரத்தில் 1856இல் ரயில் வந்த காலந்தொட்டு, துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் உழைக்க ஆயிரக்கணக்கானவர்கள் தனியாகத்தான் வந்தார்கள், இன்றும் வருகின்றார்கள். நடு ஜாமத்தில் ஷிப்டு முடிந்து வருகின்றவனை வாட்ச்மேன் திருடனைப்போல் விசாரிக்கிறான். பெண் என்றாலோ கேட்கவே வேண்டாம். புருஷனை இழந்தவளும், அடிக்கின்ற புருஷனை விட்டு வந்தவளும் ஒரு ஆண் துணையைக் காட்டினால்தான் சாவி! விதவையை மூலையில் உட்கார வைத்த பழைய புத்திக்கு இப்போது லிப்டு வைத்திருக்கின்றார்கள், அவ்வளவுதான்.

“கலியாணச் சான்று காட்டு” என்கின்றார்களே, அதையும் பார்ப்போம். புரோகிதனும் ஓமமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 1967இல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்த பிறகே, முன்பு நடந்தவைகளும் செல்லுபடியாயின. பேரன் பேத்தி எடுத்த நம் தோழர்களும் அதுவரை இவர்கள் கணக்கில் “தனியாட்கள்”தானே!

தனியாளா என்பது வாசற்படியில் கேட்கும் முதல் கேள்வி. “என்ன ஆட்கள், கறி மீன் உண்டா” என்பது இரண்டாவது. (காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீன் வாடை ஆகாதாம்!) முதல் கேள்வியை ஒப்புக்கொண்டவன் இரண்டாவதை எப்படி எதிர்ப்பான்?

சட்டம் முழுவதும் நம் பக்கம் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்று வைத்த ஆமதாபாத் வீட்டுச் சங்கத்தின் விதியை 2005இல் சுப்ரீம் கோர்ட்டே செல்லும் என்றது. ஆனால் 2019இல் கோயம்புத்தூரில் மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கினார்கள் என்று அதிகாரிகள் ஒரு விடுதியைப் பூட்டியபோது, அது எந்தச் சட்டப்படி குற்றம் என்று கேட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்னது சென்னை ஐகோர்ட்டு. வீட்டுக்காரரேயானாலும் குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம்.

சங்கம் எதற்கு ஏற்பட்டது? மோட்டாரும் மாடிப்படியும் பார்த்துக்கொள்ளத்தானே? கூச்சல் போடுகின்றவன், குப்பை கொட்டுகின்றவன் எவனாயிருந்தாலும் அவன் செய்த காரியத்துக்காகக் கேட்கட்டும். தாலி கட்டினவன் கூச்சல் போடுவதே இல்லையா? அபராதச் சீட்டு வந்தால் வீட்டுக்காரத் தோழர்கள் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தப் பொதுக்குழுத் தீர்மானம், வசூலித்த பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வருகின்ற பதிலை நமக்கும் அனுப்புங்கள், பிரசுரிப்போம்.