ஒரு ‘யு’ தொலைந்த ஆல்பம்: கிறிஸ் கார்னெலை இரண்டு முறை தப்பாகக் கேட்டோம்

1999 செப்டம்பர் 21. ராக் பாடகர் கிறிஸ் கார்னெலின் முதல் சோலோ ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அட்டையில் இருந்த பெயர் ‘யூஃபோரியா மார்னிங்’. பரவசமான காலைப்பொழுது என்று வைத்துக்கொள்ளலாம். ஏதோ ஃபில்டர் காபி விளம்பரம் மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால், அவர் முதலில் வைத்த பெயர் அதுவல்ல. அவர் எழுதியது துக்கம் காப்பதைக் குறிக்கும் ‘மோர்னிங்’. ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒலிதான். எழுதும்போது மட்டும் நடுவில் ஒரு ‘யு’ கூடுதலாக வரும். பரவசமும் இழவும் ஒரே மூச்சில் வரும் தலைப்பு. ‘அந்த யு வேண்டாமே’ என்றார் அவருடைய அப்போதைய மேனேஜர். கார்னெலும் விட்டுக்கொடுத்துவிட்டார். அப்புறம் பல வருடங்கள் அதை நினைத்து வருத்தப்பட்டார். 2015-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் அந்த எழுத்து மறுபடி அட்டையில் ஏறியது.

1999-ல் இந்த ஆல்பத்திலிருந்த துக்கத்தை மறைத்து விற்றார்கள். 2017-ல் கார்னெல் இறந்த பிறகு, நாம் அந்தத் துக்கத்தை மட்டுமே கேட்கிறோம். இரண்டுமே அநியாயம் என்பது என் கட்சி. இதில் நானும் குற்றவாளிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேண்ட் உடைவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

நம்மூரில் ஒரு பாடகர் ஒரு இசையமைப்பாளரிடம் பாடுவதை நிறுத்தினால் அடுத்தவரிடம் போய்ப் பாடுவார். சினிமாப் பாட்டு அப்படித்தான் ஓடுகிறது. ராக் பேண்ட் வேறு ரகம். நாலு பேர் சேர்ந்து பாட்டு எழுதுவார்கள், ஒரே வேனில் ஊர் ஊராகப் போவார்கள், வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கூட்டுக் குடும்பம் மாதிரி. உடைந்தால் பாகப்பிரிவினைதான். பெயர் யாருக்கு, பாட்டு யாருக்கு, ரசிகர்கள் யார் பக்கம் என எல்லாமே பஞ்சாயத்து.

கார்னெலின் பேண்ட் சவுண்ட்கார்டன். 1984-ல் சியாட்டிலில் தொடங்கியது. ‘கிரஞ்ச்’ என்று பிறகு உலகம் பெயர் வைத்த அந்த ஊர் இசையின் முன்னோடிகளில் ஒன்று. (கிடாரிஸ்ட் கிம் தையில் சியாட்டிலில் பிறந்தவர், ஆனால் அப்பா அம்மா கேரளாக்காரர்கள். இதை முதல்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட அல்ப சந்தோஷத்தை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

1994-ல் வந்த ‘சூப்பர்அன்நோன்’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது. அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அடுத்த ஆண்டு ‘பிளாக் ஹோல் சன்’, ‘ஸ்பூன்மேன்’ பாட்டுகளுக்கு இரண்டு கிராமி. இதில் ‘ஸ்பூன்மேன்’ பாட்டின் கிடார் பகுதி ஏழு எண்ணிக்கையில் சுற்றும். நம் கணக்கில் மிஸ்ர சாபு தட்டிப் பார்க்கலாம். கனமான கிடார், கோணலான தாளம், அதற்கு மேலே நாலு ஸ்தாயி போகும் என்று சொல்லப்படுகிற கார்னெலின் குரல். ஆளையே அடித்துப் போடும்.

1996-ல் வந்த ‘டவுன் ஆன் தி அப்சைட்’ நேரத்தில் விரிசல் தெரிய ஆரம்பித்தது. கார்னெல் கனமான கிடாரிலிருந்து விலகப் பார்த்தார். தையிலுக்கு அது உவப்பாக இல்லை. 1997 பிப்ரவரி 9, ஹொனலூலுவில் கச்சேரி. பாஸ் கிடாரிஸ்ட் பென் ஷெப்பர்டின் கருவி மக்கர் பண்ண, அவர் கிடாரை வீசிவிட்டு மேடையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் இறங்கினார்கள். கடைசியில் கார்னெல் மட்டும் தனியாக மேடைக்குத் திரும்பி வந்து பாடி முடித்தார். ஏப்ரல் 9 அன்று பேண்ட் கலைந்ததாக அறிவிப்பு வந்தது.

ஊருக்கு அறிவித்தது ஏப்ரலில். ஆனால், சோலோ பாடகர் கிறிஸ் கார்னெல் அந்த ஹொனலூலு மேடையிலேயே பிறந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

முதல் தப்பு: ‘பேண்ட் எங்கே?’

சோலோ ஆல்பங்களில் சில ரகங்கள் உண்டு. ஜான் லெனன் 1970-ல் போட்டது ஒரு ரகம். பீட்டில்ஸ் கதை முடிந்தது என்று அந்த ஆல்பத்துக்குள்ளேயே பாடினார். அதே வருடம் ஜார்ஜ் ஹாரிசன் போட்டது இன்னொரு ரகம். லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளுக்கு நடுவே இடம் கிடைக்காமல் தேங்கிக்கிடந்த தன் பாட்டுகளை மூன்று இசைத்தட்டுகளில் கொட்டினார்.

கார்னெலின் ஆல்பம் இரண்டிலும் சேராது. பழைய பேண்டைத் திட்டவும் இல்லை, பழைய பாக்கியை வசூலிக்கவும் இல்லை. அவர் செய்தது ரொம்ப சாதாரண வேலை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தம்பதியின் வீட்டு ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தார். அலைன் ஜோஹானஸ், நடாஷா ஷ்னைடர். ‘லெவன்’ என்ற பேண்ட் நடத்தியவர்கள். அவர் சிலியில் பிறந்தவர், இவர் லாட்வியாவின் ரீகாவில். (ஷ்னைடர் நடிகையும்கூட. 1984-ல் வந்த ‘2010’ படத்தில் சோவியத் விண்வெளி வீராங்கனையாக வருவார்.) மூன்று பேரும் சேர்ந்து தயாரித்த ஆல்பம் இது. வந்த பாட்டுகளில் பியானோ இருக்கிறது, சோல் இசை இருக்கிறது, அறுபதுகளின் பாப் வாசனை இருக்கிறது. ‘சவுண்ட்கார்டன்’ கிட்டத்தட்ட இல்லை.

அந்த வருடத்தை யோசித்துப் பாருங்கள். லிம்ப் பிஸ்கிட் முதலிடத்தில் கத்திக்கொண்டிருந்தது. நாப்ஸ்டர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ராக் ரசிகன் ஒன்று உடைக்க ஏதாவது வேண்டும் என்றான், இல்லை இலவசமாக வேண்டும் என்றான். அந்தச் சந்தையில் ஒரு மனுஷன் பியானோ பக்கத்தில் நின்று ‘நான் சரியாக இல்லை’ என்று பாடுகிறார். விமர்சகர்கள் பலருக்குப் பிடித்தது. ‘கேன்ட் சேஞ்ச் மீ’ பாட்டுக்கு கிராமி பரிந்துரைகூடக் கிடைத்தது. பில்போர்டில் 18-வது இடம். ஒரு புதுப் பாடகருக்கு இது திருவிழா. முதலிடத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்கு ‘ஃப்ளாப்’ முத்திரை.

பழைய ரசிகர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: ‘அந்த கிடார் எங்கே?’ பிரியாணிக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு இட்லிக் கடை போட்டால், இட்லியைச் சாப்பிட்டுப் பார்க்காமல் ‘பீஸ் எங்கண்ணே?’ என்று கேட்கிற கதைதான்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

மொத்தம் 12 பாட்டு. எல்லாமே தங்கம் என்று பொய் சொல்லமாட்டேன். ‘மிஷன்’ எனக்கு ஒட்டவே இல்லை. ‘ஃப்ளட்டர் கேர்ள்’ சவுண்ட்கார்டன் காலத்தில் கருவாகி மிச்சமிருந்த பாட்டு, அது தெரிகிறது.

ஆனால், ‘வென் ஐ’ம் டவுன்’ கேளுங்கள். ஷ்னைடரின் பியானோ மெதுவாக நடக்கிறது, கார்னெலின் குரல் அதன் மேல் சாய்ந்துகொள்கிறது. தான் விழுந்து கிடக்கும்போது மட்டும் ஒருத்தியைத் தேடிப்போகிற ஆள், அதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிற பாட்டு. சவுண்ட்கார்டனில் இந்தக் குரல் கிடாரோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும், ஜெயித்தும் ஆகவேண்டும். இங்கே மல்லுக்கட்ட ஆளில்லை. அதனால் முதல்முறையாக அது தோற்றுப்போகிற மாதிரி பாட முடிகிறது. பேண்டுக்குள் இருந்தவரை இந்தப் பாட்டுக்கு இடமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

‘ப்ரீச்சிங் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ இன்னொரு வகை. உலகம் அழியப்போகிறது என்று நம்பும் 24 வயசு ஆள், அந்தக் கடைசி நாளில் கூட இருக்க ஒரு துணை தேடுகிறான். கிட்டத்தட்ட வரன் தேடும் விளம்பரம் மாதிரியான பாட்டு. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். ஒய்டூகே பயத்தில் உலகமே 2000-த்தின் விடியலை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து டேட்டிங் ஆப்பை மேலே தள்ளிக்கொண்டே தூங்கிப்போகிற நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

‘வேவ் குட்பை’ ஜெஃப் பக்லிக்காக எழுதியது. கார்னெலின் நண்பர். பேண்ட் கலைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1997 மே 29 அன்று மெம்ஃபிஸில் தண்ணீரில் மூழ்கி இறந்தார். வயது 30. பக்லியின் முற்றுப்பெறாத பதிவுகளை ஆல்பமாக வெளிக்கொண்டுவர உதவியவர்களில் கார்னெலும் ஒருவர். ஆக, பேண்ட் போச்சு, நண்பர் போனார். அந்தக் காலத்தில் கல்யாண வாழ்க்கையும் உடைந்துகொண்டிருந்தது, குடியில்தான் அதைச் சமாளித்தேன் என்று 2015-ல் அவரே சொன்னார். ‘யு’ எதற்கு என்பது இப்போது புரிகிறதா?

இரண்டாவது தப்பு: ‘அப்பவே சொல்லிட்டார்!’

2017 மே 17 இரவு டெட்ராய்ட்டின் ஃபாக்ஸ் தியேட்டரில் சவுண்ட்கார்டனோடு பாடினார் கார்னெல். ஆமாம், 2010-ல் பேண்ட் மறுபடி சேர்ந்திருந்தது. மறுநாள் அவர் இறந்த செய்தி வந்தது. 52 வயது. உயிரை மாய்த்துக்கொண்டார் என்று மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் அறிவித்தது. (இந்த வரி உங்களை எங்கேயாவது தொட்டால், யாரிடமாவது பேசுங்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுக்க டெலி-மனாஸ் 14416. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு.)

அதன் பிறகு 1999 ஆல்பம் புது அவதாரம் எடுத்தது. வரி வரியாகப் பிரித்து, ‘பாருங்க, அப்பவே சொல்லிட்டார்’ என்று காட்ட ஆரம்பித்தோம்.

நான் காலேஜில் மீடியா ஸ்டடீஸ் படிக்கும்போது இதையே ஒரு வீடியோவாகப் போட்டேன். சோகமான பின்னணி, பாட்டு வரிகள் மேல் சிவப்பு வட்டம், அம்புக்குறி. செம ரீச். டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருவர் கேண்டீனில் பிடித்துக்கொண்டார். “நானும் சோகமாத்தான்டா கவிதை எழுதுறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கும் வட்டம் போடுவியா? இப்பவே வட்டம் போட்டுட்டு என்னை வேற மாதிரி பாப்பியா?” என்றார். பதில் இல்லை. அன்றைக்கே வீடியோவைத் தூக்கிவிட்டேன்.

அக்கா சொன்னதில் கணக்கும் இருக்கிறது. ஆல்பம் வந்தது 1999, மரணம் 2017. இடையில் 18 வருடங்கள். அந்த 18 வருடங்களில் அவர் ஆடியோஸ்லேவ் பேண்டில் மூன்று ஆல்பம் போட்டார். குடியை விட சிகிச்சைக்குப் போனார். மறுபடி கல்யாணம் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். ‘கசினோ ராயல்’ ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டு பாடினார். டிம்பலாண்டோடு சேர்ந்து ஒரு நடன பாப் ஆல்பம் எடுத்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒற்றை கிடாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1999-ஐ நேராக 2017-ஓடு முடிச்சுப் போட்டால் இந்த 18 வருடங்களும் கழிவுக் கணக்கில் போய்விடுகின்றன. அந்த ஆல்பத்தை முடித்துவிட்டு எழுந்து நடந்த மனிதர் அவர். துக்கத்தை 12 பாட்டாக்கி, ஒலி சரிபார்த்து, வரிசைப்படுத்தி, தலைப்பு வைத்து வெளியிட்டார். அது வேலை. ரொம்ப நல்ல வேலை. அதை மரண வாக்குமூலமாகப் படிப்பது அந்த வேலையைச் செய்தவரை அவமதிப்பது.

‘அறிகுறிகளைக் கவனிக்க வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். கட்டாயம் கவனிக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்கிற மனுஷரிடம், இன்றைக்கு. போய்ச் சேர்ந்தவரின் பாட்டில் அல்ல.

முதல்முறை கேட்கப்போகிறீர்கள் என்றால் நேராக ஐந்தாவது பாட்டுக்குப் போங்கள், ‘வென் ஐ’ம் டவுன்’. பியானோ வாசித்த ஷ்னைடரும் 2008-ல் புற்றுநோயால் போய்விட்டார். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், வரிகளைத் திரையில் ஓடவிடாதீர்கள். பிடித்திருந்தால் ஒன்பதாவதாக ‘ஸ்வீட் யூஃபோரியா’ வரும், ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். அதற்கப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம்.