பதினாறை மீட்டுத் தாருங்கள்

சர்வதேச ரக்பி லீக் அமைப்பின் தலைவர் அவர்களுக்கு,



கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2022இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில், ஆடவர் பிரிவில் 16 நாடுகள் ஆடின. அடுத்த போட்டியை 2025இல் நடத்துவதாக இருந்த பிரான்ஸ் விலகிக்கொண்டது. போட்டியை 2026க்குத் தள்ளி, அணிகளைப் பத்தாகக் குறைத்து, ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தீர்கள். நெருக்கடியில் எடுத்த முடிவு என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதுவே வழக்கமாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடல்.

அணிகளைக் குறைக்கச் சொல்பவர்கள் 2022 குழுச் சுற்றின் ஸ்கோர்களைத்தான் காட்டுகிறார்கள். இங்கிலாந்து 94, கிரீஸ் 4. டோங்கா 92, குக் தீவுகள் 10. ஆஸ்திரேலியா 84, ஸ்காட்லாந்து 0. ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரை முழுதாகப் பாருங்கள். நியூகாசிலில் நடந்த தொடக்க ஆட்டத்தில் சமோவா 60-6 என்று இங்கிலாந்திடம் தோற்றது. அந்த ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் சமோவாவுக்கு அங்கே இடமே இல்லை. நான்கே வாரத்தில், லண்டனில் நடந்த அரையிறுதியில், அதே சமோவா கூடுதல் நேரத்தில் 27-26 என்று அதே இங்கிலாந்தை வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போனது. அந்த மீட்சிக்கு வழிவிட்டது குழுச் சுற்றின் மற்ற இரண்டு ஆட்டங்கள்.

டோங்காவிடம் நொறுங்கிய குக் தீவுகள் அதே குழுவில் வேல்ஸை 18-12 என்று வென்றது. முதல்முறை தகுதிபெற்ற ஜமைக்கா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனாலும் நியூசிலாந்துக்கு எதிராக பென் ஜோன்ஸ் பிஷப் வைத்த ட்ரை, உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் ட்ரை. சொந்த நாட்டில் ரக்பி லீக்குக்கு இருந்த தடைக்கு நடுவே மறைவாக ஆடி வளர்ந்த கிரீஸ், மூன்று ஆட்டங்களிலும் புள்ளி எடுத்தது. 94-4 என்ற வரியில் அந்த நான்குக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஐயா.

எண்ணிக்கையைப் போலவே குழுக்களின் அமைப்பும் முக்கியம். 2017இல் 14 அணிகளை இரண்டு பெரிய குழுக்களாகவும் இரண்டு சிறிய குழுக்களாகவும் பிரித்தார்கள். பெரிய குழுக்களிலிருந்து மூன்று மூன்று அணிகளும், சிறியவற்றிலிருந்து ஒவ்வோர் அணியும் காலிறுதிக்குப் போயின. விளைவு என்ன? இத்தாலியையும் வேல்ஸையும் வென்ற அயர்லாந்து வீட்டுக்குத் திரும்பியது. ஓர் ஆட்டத்தையும் வெல்லாமல், ஸ்காட்லாந்துடன் சமன் மட்டும் செய்த சமோவா காலிறுதி ஆடியது. சமோவா மீது குற்றமில்லை, விதி அப்படி. வென்றவர் வெளியேறவும் வெல்லாதவர் முன்னேறவும் இடம்கொடுக்கும் அமைப்பை எந்த நாட்டு இளைஞனிடம் நியாயம் என்று விளக்க முடியும்?

அணிகளைக் குறைக்கும் இதே பாதையில் ஏற்கெனவே ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறோம். 2000இல் 16 அணிகள் ஆடின. ரஷ்யாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா 110 புள்ளிகள் குவித்தது. 2008இல் அணிகள் பத்தாகக் குறைந்தன. மீண்டும் பதினாறை எட்ட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட காத்திருப்பை இன்னொரு தலைமுறையின் மேல் சுமத்த வேண்டாம்.

நான் கேட்பவை நான்கு. 2026க்கு அடுத்த உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடட்டும். நான்கு அணிகள் கொண்ட நான்கு குழுக்கள் அமையட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகட்டும். இரண்டு உலகக் கோப்பைகளுக்கு இடையிலான ஆண்டுகளில், சிறிய நாடுகளுக்கு முறையான சர்வதேச ஆட்டங்களைக் கொடுங்கள். பெரிய அணியோடு அரிதாகவே மோதும் அணி, உலகக் கோப்பையில் திடீரென்று மோதும்போது தடுமாறாமல் என்ன செய்யும்? ஸ்கோர் இடைவெளியைக் குறைக்க ஆட்டங்களைக் கூட்டுவதே வழி, அணிகளைக் கழிப்பதல்ல.

பதினாறு அணிகள் என்ற முடிவை இப்போதே அறிவியுங்கள். தகுதிச் சுற்றுக்கு ஆயத்தமாகச் சிறிய நாடுகளுக்குக் காலம் வேண்டும்.

அன்புடன்,
ஒரு ரக்பி லீக் ரசிகன்