கெமராவுக்கு இலட்சங்கள், பைக்கு இனாம்: உடைந்தால் பிள்ளையா பொறுப்பு?



ஊரவர்களே, பெற்றோர்களே, வெளிநாட்டில் கஷ்டப்பட்டு உழைத்துப் பாடசாலைக்கு அனுப்புகின்ற பழைய மாணவர்களே!

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பையைப் பற்றியது. "பேக்குக்கெல்லாம் ஒரு பதிவா சேர்?" என்று கேட்க நினைப்பவர்கள் முடிவு வரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

நமது பாடசாலை ஊடகப் பிரிவுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து கெமரா, லென்ஸ், ஃபிளாஷ், லெப்டொப் வாங்கினோம். பல இலட்சம் ரூபா. கையளிக்கும் நிகழ்வுக்குப் பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம். இதையெல்லாம் எதில் வைத்துத் தூக்குவது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "லெப்டொப்போட சும்மா தந்த பேக் இரிக்கிதானே" என்று பதில் வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். ஆசிரியர்களாகிய நாமும் அங்கேதான் இருந்தோம். நாமும் தலையாட்டினோம்.

அந்தப் பை துணியும் ஒரு விரல் தடிப்பு இல்லாத ஸ்பொஞ்சும்தான். பெரிய லென்ஸைத் துவாயில் சுற்றி உள்ளே வைத்தோம். மாரி மழை நாளில் வலயப் போட்டி ஒன்றுக்குப் படம் எடுக்கப் போன உயர்தர மாணவன் பஸ்ஸால் இறங்கும்போது சிப் பிளந்தது. லென்ஸ் தார் வீதியில் விழுந்தது. பையைத் திறந்து பார்த்தால் லெப்டொப்பின் ஒரு மூலை நசுங்கி இருந்தது, உள்ளே தண்ணீரும் போயிருந்தது.

அடுத்த கூட்டத்தில் நாம் என்ன பேசினோம்? பையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "அவன் கவனமாக் கொண்டு போயிருக்கணும்" என்றோம். "திருத்துற காசில பாதியையாவது வீட்டாரிட்ட கேப்பம்" என்றும் ஒரு குரல் வந்தது. அந்தப் பிள்ளையின் வாப்பா கடல் தொழிலாளி. மாரியில் கடல் கொந்தளித்தால் அந்த வீட்டில் வருமானமே இல்லை. இது நமக்குத் தெரியாதா?

இதைத்தான் நாம் இங்கே கேள்விக்கு எடுக்கிறோம். பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் அமானிதம். அந்த அமானிதம் யாருடைய கையில் இருந்தது? பதினேழு வயதுப் பிள்ளையின் கையிலா, அல்லது பை வாங்கக் காசு ஒதுக்காமல் கையெழுத்து வைத்த நம்முடைய கையிலா?

"பேக் எல்லாம் ஒரே மாதிரித்தான், பேருக்குத்தான் காசு" என்கிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம்.

கெனன் 80டி கெமரா பெட்டரியோடு 730 கிராம். 18-135 லென்ஸின் யூஎஸ்எம் வகை 515 கிராம். 50 எம்எம் சிறிய லென்ஸ் 160 கிராம். விளையாட்டுப் போட்டிக்கு எடுக்கின்ற 70-200 எஃப் 2.8 பெரிய லென்ஸின் மூன்றாம் பதிப்பு மட்டும் 1,480 கிராம். இதுவே மூன்று கிலோவைத் தொடுகிறது. ஃபிளாஷும் அதன் பெட்டரிகளும் ஏறக்குறைய அரைக் கிலோ. 15.6 அங்குல லெப்டொப் சுமார் இரண்டு கிலோ. சார்ஜர், வயர்கள் இன்னும் அரைக் கிலோ. மொத்தம் ஆறு கிலோ. ட்ரைபொட்டையும் பையின் நிறையையும் இதில் சேர்க்கவில்லை.

பிள்ளை தூக்கும் பையின் நிறை உடல் நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2020 பாடசாலைப் பைக் கொள்கை சொல்கிறது. ஐம்பது கிலோ உள்ள பிள்ளைக்கு அது ஐந்து கிலோ. நாம் அதைத் தாண்டி ஏற்றிவிட்டு, அதையும் மெல்லிய பட்டி உள்ள பையில் கொடுத்துவிட்டு, "கவனம்" என்று புத்தி சொல்கிறோம். அந்தப் பட்டி தோளை அறுக்கும்போது பிள்ளை பையை ஒரு தோளில் இருந்து மறு தோளுக்கு மாற்றுவான், பஸ்ஸில் கீழே வைப்பான். கவனயீனம் என்று நாம் சொல்வது பல நேரம் வலி.

அதனால் பை வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம். பாடசாலைக்கு மட்டுமல்ல, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கின்ற நம் ஊர்த் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, வெறுங்கையோடு கடைக்குப் போகாதீர்கள். கெமராவையும் லென்ஸையும் லெப்டொப்பையும் கொண்டு போங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு மட்டும்தான். லெப்டொப்பின் உடம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு தடிப்பு என்பதை அந்த எண் சொல்லாது. வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பி, தூக்கப் போகின்ற பிள்ளையின் முதுகில் போட்டுக் கடைக்குள்ளே நடக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, லெப்டொப் வைக்கின்ற அறையின் அடியைக் கையால் தடவுங்கள். அந்த அறை பையின் அடிவரை போகக் கூடாது. இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பையை நிலத்தில் வைக்கின்ற ஒவ்வொரு தடவையும் லெப்டொப்பின் மூலைதான் அடி வாங்கும். நம்முடைய லெப்டொப்புக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது, கெமரா வைக்கின்ற இடத்தின் சுவரைப் பெருவிரலாலும் சுட்டு விரலாலும் அழுத்துங்கள். இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தொடுவது போல இருந்தால் அந்த ஸ்பொஞ்ச் விழுகின்ற அடியைத் தாங்காது. தடுப்புகள் வெல்க்ரோவில் கழற்றி மாற்றக் கூடியதாக இருக்கட்டும். ஒரு லென்ஸ் இன்னொன்றோடு முட்டக் கூடாது.

நான்காவது, பட்டி. தோள்பட்டி அகலமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். நெஞ்சுப் பட்டியும் இடுப்புப் பட்டியும் அவசியம். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டினால் பாரத்தில் ஒரு பகுதி தோளில் இருந்து இடுப்புக்கு இறங்கும். பட்டி பையோடு சேருகின்ற இடத்துத் தையலைப் பாருங்கள். ஒரே வரித் தையல் என்றால் வேண்டாம். நிரப்பிய பிறகு சிப்பைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

ஐந்தாவது, மழை. துணி தண்ணீரைத் தடுத்தாலும் தையலாலும் சிப்பாலும் தண்ணீர் போகும். எனவே மழை உறை தனியாக வேண்டும். நனைந்த பைக்குள் கெமராவை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றுக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் துடைத்துப் போகாது. பை கொண்டு போவதற்கு, குடியிருக்க அல்ல. பாடசாலைக்கு வந்ததும் வெளியே எடுத்து, காற்றுப் போகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஆறாவது விடயம் நமக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் விளங்கும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு முதுகில் பெரிய பையோடு போகின்ற நம் பிள்ளையை உலகம் எப்படிப் பார்த்தது என்பதை நாம் மறக்கவில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டும். மேலால் மட்டும் திறக்கின்ற பை என்றால் வீதி ஓரத்தில் ஒவ்வொரு லென்ஸாக வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். முழுதாக விரிந்து திறக்கின்ற பை என்றால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியும், பிள்ளையும் பயப்படாமல் நிற்கும். அது முதுகுப் பக்கமாகத் திறப்பதாக இருந்தால் பஸ் நெரிசலில் பின்னால் நிற்பவர் சிப்பில் கை வைக்கவும் முடியாது.

கெமராக் கம்பனியின் பெயரைப் பெரிதாகத் தைத்த பையைப் பெருமைக்கு வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கள்ளனுக்கு விளம்பரம் கொடுப்பதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

"இப்படிப் பார்த்தா விலை கூடுமே" என்பீர்கள். கூடும்தான். அதற்கும் வழி இருக்கிறது. தடுப்புகள் வைத்த மெத்தென்ற உள்பெட்டியைத் தனியாக வாங்கி, வலுவான சாதாரணப் பைக்குள் வைக்கலாம். செலவு குறையும், பார்ப்பதற்கும் புத்தகப் பை போலத்தான் இருக்கும். லெப்டொப் தேவையில்லாத நாளில் அதைப் பாடசாலையில் வைத்துவிட்டுப் போகலாம், இரண்டு கிலோ குறையும். பாரத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். யோசிக்க மனம் இருந்தால் காசு இரண்டாவது பிரச்சினைதான். திறப்பு விழாவின் பெனருக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது யாரும் "விலை கூட" என்று சொல்லவில்லை.

நம் கோரிக்கை மூன்றுதான். ஒன்று, இனிமேல் பாடசாலைக்கு எந்தச் சாதனம் வாங்கினாலும் பையும் மழை உறையும் அதே விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். பிறகு பார்ப்போம் என்ற பேச்சு வேண்டாம். இரண்டு, தூக்கப் போகின்ற பிள்ளை தூக்கிப் பார்க்காமல் பை வாங்கக் கூடாது. மூன்று, அந்த மாணவனின் வீட்டில் ஒரு சதமும் கேட்கக் கூடாது. திருத்தச் செலவை அன்று தலையாட்டியவர்கள் பங்கு போட்டுக் கொடுப்போம். ஆசிரியர்களாகிய நம் பங்கு தயார்.

அந்தப் பிள்ளை இரண்டு வாரமாக ஊடகப் பிரிவுப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால் "படிக்க இரிக்கி சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டு போகிறான். லென்ஸைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தலாம். இவனைத் திருப்பிக் கொண்டுவர நாம்தான் அவனிடம் போக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முதல் அவன் வீட்டுக்குப் போவோம், வாப்பாவிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்போம். வர விரும்புகிறவர்கள் கொமன்டில் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.