சுகர் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எங்கே?

மகளின் பிரசவத்துக்காக டொரான்டோ கிளம்பும் அம்மாவின் கைப்பையில் மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும். 'சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள். 250-ஐத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.' கொண்டுபோன குளுக்கோமீட்டர் பழுதாகி, அங்கேயே ஒன்று வாங்கினால் அது 16.2 என்று காட்டும். சீட்டை நம்பினால், வாயில் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டிய எண் இது. நம் ஊர்க் கணக்கில் அதுதான் 292! ஏற்கெனவே ஏறிக் கிடக்கும் சுகருக்கு மேல் இன்னும் சர்க்கரை.

இரண்டுமே சரியான அளவுகள்தான். வாழைப்பழத்தை ஒரு கடையில் எடைபோட்டும் இன்னொரு கடையில் எண்ணியும் விற்பதைப் போல, நாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸின் எடை எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறோம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு லிட்டரில் உள்ள மூலக்கூறுகளை மில்லிமோலில் கணக்கிடுகிறார்கள். 1977-இல் உலக சுகாதார சபை மருத்துவத் துறைக்குப் பரிந்துரைத்தது இந்த இரண்டாவது முறையைத்தான். ஆனாலும் அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இந்தியா ஆகியவை மில்லிகிராமிலேயே நின்றுவிட்டன. ஜெர்மனிக்குள்ளேயே கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று இரண்டும் புழங்குகின்றன.

மாற்றும் கணக்கு எளிது. மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். வெறும் வயிற்றில் 7.0 என்றால் 126, அதாவது சர்க்கரை நோய்க்கான எல்லை. 3.9 என்றால் 70, அதற்குக் கீழே 'லோ சுகர்'. ஆனால் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பெருக்கல் கணக்குப் போடச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இதைவிடச் சிக்கலானது. நாம் சதவீதத்தில் சொல்கிறோம்; பிரிட்டனில் 2011 முதல் வேறு அலகு. நம்முடைய 7 சதவீதம் அங்கே 53. லண்டனிலிருந்து தம்பி 'எனக்கு 53' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திருச்சியில் இருக்கும் அக்கா சுகர் இறங்கிவிட்டது என்று பதறுவார். மலேசியாவில் இருக்கும் அண்ணன் '7.2' என்று மட்டும் சொன்னால், அது அன்றைய சுகரா, மூன்று மாத சராசரியா என்பதே தெரியாது.

இந்த ஆபத்து அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. சில மீட்டர்கள் கீழே விழுந்தாலோ, தேதி, நேரம் மாற்றும்போதோ அலகு தானாக மாறிவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது.

இங்கே செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. லேப் ரிப்போர்ட்டில் சுகர் அளவை இரண்டு அலகிலும் அச்சிட மாநில சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். மென்பொருளில் கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான். குளுக்கோமீட்டர் விற்பனை மத்திய அரசின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வருகிறது. பெட்டியின் மேலும் திரைக்குப் பக்கத்திலும் அலகைப் பெரிய எழுத்தில், மாநில மொழியிலும் போடச் சொல்ல அந்த விதிகளில் இடம் செய்ய வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கும் ஊழியர்கள், எண்ணோடு அலகையும் எழுதித் தர வேண்டும். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரின் மருத்துவமனைகளும், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இரண்டு எண்களும் போட்ட தமிழ் அட்டை ஒன்றைக் கொடுக்கலாம்.

உத்தரவு வரும்வரை டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகிறேன் என்று சொல்லும் சர்க்கரை நோயாளியின் சீட்டில் 70-க்குப் பக்கத்தில் 3.9 என்றும், 250-க்குப் பக்கத்தில் 13.9 என்றும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.