வைக்கோலை விட்டுவிட்டு இரும்பை நம்புகிறோம்

புது வண்டி எடுத்தால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போடுவது விருத்தாசலம் பக்கத்தில் பலருக்குப் பழக்கம். போன மாதம் அங்கே நான் நின்றிருந்த அரை மணி நேரத்தில் ஐந்து பைக்குகள் வந்தன. ஐந்திலும் முன்னால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு பளபளவென்று இரும்புக் கம்பி. ஹெல்மெட் ஒரே ஒரு வண்டியில்தான் இருந்தது. அதுவும் பாலிதீன் உறை பிரிக்காமல் அந்தக் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே ஒரு அப்பா மகனிடம் சொன்னார்: "பம்பர் போட்டாச்சுடா, இனிமே காலுக்குப் பயமில்ல."

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். கிராஷ் கார்டு, லெக் கார்டு, பம்பர், சேஃப்டி கம்பி என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், அந்த இரும்பு ஓட்டுபவரின் காலைக் காக்கும் என்பது தவறான நம்பிக்கை. சில நேரம் அது விபத்தைத் தடுக்காததோடு நிற்பதில்லை. விபத்தை உண்டாக்குவதே அதுதான்.

கம்பியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தால் அது நன்றாகவே உழைக்கிறது. என்ஜின் மூடி உடையாது, பெட்ரோல் டேங்க் நசுங்காது, பிரேக் மிதி வளையாது. வண்டியின் எடை முழுக்கக் கணுக்கால் மேல் விழாமல் ஒரு சாண் இடைவெளியும் கிடைக்கும். ராயல் என்ஃபீல்டு தன் துணைப்பொருள் பட்டியலில் இதை விற்பது 'என்ஜின் கார்டு' என்ற பெயரில்தான். அந்தப் பெயர் சரியான பெயர். அதே கம்பி கடைத்தெருவுக்கு வந்ததும் 'லெக் கார்டு' ஆகிவிடுகிறது. என்ஜினைக் காக்கச் செய்த பொருளிடம் எலும்பை ஒப்படைக்கிறோம்.

இந்த வேறுபாடு வேறு எந்த ஊருக்குப் புரியாவிட்டாலும் விருத்தாசலத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். அகல்விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்து அனுப்பும் ஊர் இது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்க அரசு நிறுவனமே இங்கே இருக்கிறது. ஒரு பட்டறையில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். அடியில் வைக்கோலைப் பரப்பி, ஒவ்வொரு பொம்மைக்கும் கழுத்தைச் சுற்றி வைக்கோல் சுருணை வைத்து, பெட்டியின் சுவரில் எதுவும் படாதபடி விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். மரப்பெட்டிக்குப் பதில் இரும்புப் பெட்டியில் போட்டால் பத்திரமாக இருக்காதா என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "பொட்டி பத்திரமா இருக்கும் தம்பி. உள்ள இருக்கிறது ஒடஞ்சிடும்."

அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு தான் நசுங்குகிற பொருள்தான் உள்ளே இருப்பதைக் காக்கும். நசுங்காமல் விறைத்து நிற்பது அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்திவிடும். 50 கி.மீ. வேகத்தில் போய் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். இரண்டு போல்ட்டில் மாட்டிய ஒரு குழாயை நம்பி அங்கிருந்து யாரும் குதிக்க மாட்டோம்.

மோதும் நொடியில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வண்டி எதிலோ முட்டி நிற்கிறது. ஓட்டுபவர் நிற்பதில்லை, வந்த வேகத்திலேயே முன்னால் போகிறார். அவருடைய முழங்காலுக்கும் முன்னங்காலுக்கும் நேர் எதிரே இருப்பது இந்தக் கம்பி. தன் வண்டியின் இரும்பிலேயே தன் கால் போய் அடிக்கிறது. பக்கவாட்டில் கார் வந்து இடித்தாலோ, காரின் எடைக்கு இந்தக் குழாய் ஈடுகொடுக்காது. பின்னால் வளைந்து என்ஜினுக்கும் தனக்கும் நடுவில் காலைப் பூட்டிவிடும். கம்பி இல்லாத வண்டியிலிருந்து தெறித்து விழுந்திருக்க வேண்டியவர், இங்கே வண்டியோடு இழுபடுகிறார்.

இதை ஆராய்ந்து எழுதிவைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசியது. 1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை இந்தக் கம்பியைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது. ஆனால் தொடையிலும் முழங்காலிலும் கீழ்க்காலிலும் காயம் கூடி, அந்த லாபத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆகவே காயத்தைத் தடுக்க இது பயனுள்ள வழி அல்ல. அது அமெரிக்கக் கதை, பெரிய வண்டிகள், பழைய காலம் என்பார்கள். முழங்கால் சில்லு அங்கும் இங்கும் ஒன்றுதான். குழாயை வளைத்து என்ஜினுக்கு முன்னால் போல்ட் போடும் முறையும் அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

1980களில் பிரிட்டன் அரசின் சாலை ஆய்வுக்கூடம் காலுக்குக் காப்பு செய்ய முயன்றபோது வெறும் குழாயை எடுத்துக்கொள்ளவில்லை. நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும் பொருளை வைத்துத்தான் செய்து பார்த்தது. நம் பட்டறையின் வைக்கோல்தான் அது. அப்படிச் செய்ததையே, காலைக் காக்கப் போய்த் தலைக்கு அடியைக் கூட்டுகிறது என்று வண்டி தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அந்த அளவுக்குச் சிக்கலான ஒரு காரியத்தை, வெல்டிங் பட்டறையில் அரை நாளில் வளைத்த குழாய் முடித்துவிடும் என்று நாம் நினைக்கிறோம்.

மோதலைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வளைவு. அதைப் பற்றி நம் ஊரில் யாருமே பேசுவதில்லை.

வளைவில் பைக் எவ்வளவு சாய வேண்டும் என்பது ஓட்டுபவர் விருப்பம் அல்ல. வேகமும் வளைவின் ஆரமும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்வு போதும். 40 கி.மீ.க்கு 32 டிகிரி. 50 கி.மீ.க்கு 44. வேகத்தில் பத்து பத்தாகக் கூட்டுகிறோம், சாய்வோ 12 டிகிரி 12 டிகிரியாகத் தாவுகிறது. டயரின் அகலத்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் சில டிகிரி கூடும். இதற்குப் பந்தய மைதானம் தேவையில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ போதும். 8 மீட்டர் ஆரத்தில் திரும்பும் இடத்தில் வெறும் 25 கி.மீ. வேகத்துக்கே ஏறத்தாழ 32 டிகிரி சாய வேண்டியிருக்கும்.

என் வண்டியில் இருந்த கம்பியை டேப் வைத்து அளந்தேன். அதன் கீழ் முனை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 38 செ.மீ. வெளியே, தரையிலிருந்து 27 செ.மீ. உயரத்தில் இருந்தது. கணக்குப் போட்டால் 35 டிகிரியில் அது தரையைத் தொடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, மடியில் ஒரு பெட்டியும் இருந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும். 4 செ.மீ. இறங்கினால் அந்த 35 டிகிரி 31 ஆகிவிடும். மேலே சொன்ன 20 மீட்டர் வளைவை 40 கி.மீ. வேகத்தில் திரும்பத் தேவையான 32 டிகிரிக்கு அது பற்றாது. டயரில் பிடிப்பு மிச்சம் இருக்கும்போதே இரும்பு தரையைத் தட்டிவிடுகிறது.

தட்டினால் என்ன ஆகும்? பல வண்டிகளில் கால்மிதிக்குக் கீல் போட்டிருப்பார்கள். தரை பட்டால் அது மேலே மடங்கிக்கொள்ளும், 'இதற்கு மேல் சாயாதே' என்று காலுக்குச் சொல்லும். சேஸிஸில் போல்ட் போட்ட கம்பி மடங்காது. வண்டியின் எடை டயரிலிருந்து கம்பிக்கு மாறுகிறது, கம்பி நெம்புகோலாகிச் சக்கரத்தைத் தூக்குகிறது. எடை இல்லாத டயருக்குப் பிடிப்பு இல்லை. அப்புறம் நடப்பது கண்ணிமைக்கும் நேரம்.

எனக்கு நடந்தது இதுதான். மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர் மடியில் பொம்மைப் பெட்டியோடு, ஊருக்கு வெளியே ஒரு இடது வளைவில் திரும்பினேன். கர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. இருவருக்கும் தோல் உரிந்ததோடு போயிற்று. தூக்கிவிட வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பம்பர் இருந்ததால கால் தப்பிச்சது சார்." மெக்கானிக்கும் அதையே சொன்னார், "மண்ணுல வழுக்கிடுச்சிண்ணே" என்று காரணமும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் நானும் அதை நம்பினேன். இன்னும் பத்துப் பேரிடம் சொல்லிப் பம்பர் போட வைத்தேன்.

பிறகு ஒருநாள் வண்டி கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன். இடதுபக்கக் கம்பியின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், உருண்டைக் குழாய் அரம் போட்டதுபோல் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு இடம். நேராக வழுக்கி விழுந்திருந்தால் கீறல் குழாயின் வெளிப்பக்கத்தில் இருந்திருக்கும். அதுவும் இருந்தது, தனியாக. அடியில் இருந்த தேய்மானம் விழுவதற்கு முன்னால் நடந்தது. என்னைக் கீழே தள்ளியதற்குத்தான் நான் இரண்டு வருடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நம்பிக்கை அசையாமல் நிற்பது இப்படித்தான். கால் தப்பினால் புகழ் பம்பருக்குப் போகும். கால் போனால் பழி விதிக்கோ லாரிக்காரனுக்கோ போகும். பம்பர் தோற்றதாக ஒருவர் வாயிலிருந்தும் வராது. தப்பித்தவர் டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வார். தப்பிக்காதவர் சொல்ல வரமாட்டார்.

"நாங்க என்ன ரேஸா விடுறோம்? டவுனுக்குள்ள சாயற வேலையே இல்ல" என்பார்கள். சரி, சாய வேண்டாம். ஆனால் எதிரே கரும்பு டிராக்டர் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். ரோட்டில் காயப் போட்ட நெல்லும் அதற்கு அண்டை கொடுத்த கல்லும் வளைவு முடியும் இடத்தில் திடீரென்று தெரியும். அப்போது திருப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாக வேண்டும், அதற்குச் சாய்ந்தே ஆக வேண்டும். மிச்சம் வைத்திருக்க வேண்டிய அந்தச் சாய்வைத்தான் கம்பி தின்றுவிடுகிறது. டவுனுக்குள்ளேயும் அது சும்மா இருப்பதில்லை. இரண்டு பக்கமும் வண்டியின் அகலத்தைக் கூட்டி, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அடுத்தவர் வண்டியைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கிறது. நடந்து போகிற பிள்ளையின் முழங்காலைப் பெயர்க்கிறது. அதில் கயிறு சுற்றி, விளக்கு மாட்டி, தண்ணீர் கேனையும் தொங்கவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி பைக்குக்குக் கட்டாயமாக்கியவை மூன்று: பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, புடவை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு. சேலை சக்கரத்தில் எப்படிச் சிக்குகிறது, எப்படி இழுக்கிறது என்று தெரிந்து போட்ட விதி அது. முன்பக்கக் கம்பியைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல் இல்லை. கார், ஜீப்புகளின் முகப்பில் இதே ஆசையில் பூட்டிய புல் பார்களைக் கழற்றும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நசுங்க வேண்டிய முகப்பை நசுங்க விடாமல் அடியைச் சேஸிஸுக்குக் கடத்துகிறது, எதிரே வருபவரைக் கொல்கிறது என்பதே அதற்கு எதிரான வாதம். காரில் ஒத்துக்கொண்ட நியாயத்தைப் பைக்கில் மட்டும் ஏன் மறுக்கிறோம்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. மத்திய அரசின் கணக்கு இது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நம் பட்டறை வைக்கோலின் வேலையைச் செய்கிறது. தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. அதைத்தான் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறோம். கம்பி குறைப்பதாக ஹர்ட் அறிக்கை ஒத்துக்கொண்ட கணுக்கால், பாதக் காயத்துக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலை மூடும் ஷூ போட்டாலே பாதி வேலை முடியும். அதற்கு முழங்காலை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டியை ஸ்டாண்டு பக்கமே அடிக்கடி கீழே போடுகிறவர், கற்றுக்கொள்கிற பிள்ளை, சரக்கு ஏற்றி இறக்கும்போது சாய்த்துவிடுகிறவர் கம்பி போட்டுக்கொள்ளட்டும். ஆனால் என்ஜினை ஒட்டி, குறுகலாக, உயரத்தில் நிற்பதாகப் பார்த்துப் போடட்டும். என்ஜினுக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும். டேப் எடுத்து இரண்டு அளவு எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வருகிற சனிக்கிழமை தங்கை மகனுக்கு வண்டி எடுக்கப் போகிறோம். பில் போடும்போது 'பம்பர்' என்ற வரியை அடித்துவிடச் சொல்லிவிட்டேன். அந்தக் காசுக்கு அவன் அளவுக்கு ஒரு ஷூ பார்த்து வைத்திருக்கிறேன். என் வண்டியிலிருந்து கழற்றிய கம்பியைப் பழைய இரும்புக்குப் போடவில்லை, திண்ணையில் கிடக்கிறது. கோயிலுக்குக் கிளம்புமுன் அவனைக் கூப்பிட்டு, அதன் அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.