கான்கிரீட் கொட்டுமுன் படம் எடு!

சென்னையில் தெருவுக்குத் தெரு மாடிக் கட்டிடம் எழும்புகிறது. மேஸ்திரி முதல் சித்தாள் வரை கையில் செல்போன் இருக்கிறது. அந்த போன் பாட்டு கேட்க மட்டும்தானா? உயிரைக் காக்கவும் உதவும்!

மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28ந்தேதி மாலை, கொட்டும் மழையில், கட்டி முடியாத 11 மாடிக் கட்டிடம் மளமளவென்று சரிந்தது. 61 பேர் பலியானார்கள். கூலி வேலைக்கு வந்த ஏழைகள் மண்ணோடு புதைந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடமும் ஆபத்து என்று 2016 நவம்பர் 2ந்தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

கட்டிடம் விழுந்த பிறகு விசாரணை வரும். தூணுக்குள் எத்தனை கம்பி? என்ன கனம்? என்ன இடைவெளி? கான்கிரீட் மூடிய பிறகு யாரைக் கேட்பது?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016ல் வந்தது. வேலை எதுவரை நடந்திருக்கிறது என்று 3 மாதத்துக்கு ஒருமுறை கட்டுமான நிறுவனம் இணையதளத்தில் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 3 மாதத்தில் எத்தனை தூண் மூடப்பட்டுவிடும்!

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஏழை கட்டும் சின்ன வீட்டுக்கே அஸ்திவாரம், கூரை என்று கட்டம் கட்டமாக செல்போனில் படம் எடுக்கிறார்கள். எந்த இடம் என்பதும் படத்தோடு பதிவாகிறது. அதன் பிறகே அடுத்த தவணை. குடிசைக்காரருக்கு ஒரு சட்டம், கோடிகளில் புரளும் அடுக்குமாடிக்கு ஒரு சட்டமா?

ஒவ்வொரு தூணுக்கும், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் கொட்டுமுன் படம் எடுக்க வேண்டும். கம்பி மீது டேப் வைத்து எடுக்க வேண்டும். தூண் எண், தேதி, இடம் மூன்றும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தூணைப் பத்துத் தடவை காட்டி ஏமாற்றுவார்கள். அன்றைக்கே இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இன்ஜினீயர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கலவை இறங்க வேண்டும்.

"வேலையைப் பார்க்கிறதா, போட்டோ பிடிக்கிறதா?" என்று சில காண்டிராக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஒரு தூணுக்கு 2 நிமிடம் ஆகுமா? வீடு வாங்குகிறவர் 20 வருஷம் வங்கிக் கடன் கட்டுகிறாரே!

சரியாகக் கம்பி கட்டியவர் படத்துக்குப் பயப்பட மாட்டார். பயப்படுகிறவரிடம் வீடு வாங்காதீர்கள்!